அறுபதுக்குப் போட்ட கணக்கு

புது கார் வாசலுக்கு வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இந்த வீட்டில் எனக்கு இரண்டாவது இடம்தான் என்று. இவர் அதன் கதவைச் சாத்துகிற அழகைப் பார்க்க வேண்டுமே. நான் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட எங்கள் படுக்கையறைக் கதவை இவர் அவ்வளவு பக்குவமாகச் சாத்தியதில்லை.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. எங்கேயாவது குழாய் சொட்டினால் மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. விருந்தாளியாகப் போன வீட்டில்கூட சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாஷர் மாற்றக் கிளம்பிவிடுவார். அதனால் ஆபீசில் இவருக்கு 'சொட்டு' என்று பெயர். அந்தப் பெயரில் இவருக்கு உள்ளூரப் பெருமைதான். இப்படிப்பட்டவர் கையில் பெட்ரோல் குடிக்கிற ஒரு பொருளைக் கொடுத்தால் வீடு என்ன பாடுபடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் சர்வீஸ் முடிகிறவரை வண்டி அறுபதைத் தாண்டக் கூடாதாம். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கக் கூடாது. அதற்காக ஒரே வேகத்திலும் ரொம்ப நேரம் போகக் கூடாது, கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி ஓட்ட வேண்டும். எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் ரிங் என்று வளையங்கள் இருக்கின்றனவாம். அவை சிலிண்டர் சுவரோடு உரசி உரசித்தான் ஒன்றோடொன்று பொருந்தி உட்காருமாம். அவை உட்காருவதற்குள் அவசரப்பட்டு விரட்டினால் வண்டி ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும், மைலேஜ் கொடுக்காது. இதை இவர் எனக்கு விளக்கியபோது, கல்யாணமான புதிதில் என்னைப் பற்றியும் யாராவது உங்களுக்கு இப்படி எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்றேன். சிரிக்கவில்லை. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

மைலேஜ் விஷயத்தில் இவர் செய்த அழிச்சாட்டியம் தனிக் கதை. சிக்னலில் நின்றால் எஞ்சினை அணைப்பார். ஏசி பொத்தானுக்கு ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மூடினார். டிக்கியில் கிடந்த என் குடையை எடுத்து வெளியே வைத்தார், பாரம் கூடுகிறதாம். பெட்ரோல் போடுவதும் ஒரே ஒரு பங்க்கில்தான். நெடுஞ்சாலையில் போனால் ஒரு சந்திப்பு வரும், அங்கே இருக்கிற பங்க்கில் மட்டும்தான் அளவு சுத்தம் என்பது இவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

இந்தப் பேச்சை எல்லாம் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் என் அக்காதான். அவள் வேறு ஊரில் தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை, பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். பஸ் ஸ்டாண்டுக்குள் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு மைக், ஒரு போன், அக்கா. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, இப்போது எந்த வளைவில் இருக்கும், எப்போது உள்ளே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். தாமதமாக வருகிற எல்லா டிரைவரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்களாம், "கேட்டுகிட்ட வந்துட்டேன்க்கா." போனில் கேட்கிற சத்தத்தை வைத்தே அவன் கேட்டருகில் இருக்கிறானா, இன்னும் ஆற்றுப் பாலத்தையே தாண்டவில்லையா என்று கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் கூண்டில் உட்கார்ந்து அத்தனை வருஷம் டீசல் புகையைக் குடித்ததில் நுரையீரல் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

இவர் வாராவாரம் அவளுக்குப் போன் செய்து, இத்தனை கிலோமீட்டர் ஆகிவிட்டது, இன்னும் இத்தனை பாக்கி என்று சொல்வார். அவளும் சளைக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, உங்க வண்டி எப்பத்தான் வயசுக்கு வரும்?" என்பாள். அதற்கு மட்டும் இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நான் சொன்னால் சிரிப்பு வராது.

அன்று காலை நான் வேலை பார்க்கிற கடையில் ஒரு பழைய கோட்டைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். துணி ஆல்டர் செய்கிற கடை அது. பஸ் கம்பெனி கேன்டீன்காரர் போன் செய்தார். அக்கா மூச்சு விட முடியாமல் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். அவர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், உடனே வாருங்கள் என்றார். ஊசியைத் துணியில் குத்தியது குத்தியபடியே இருக்க, வீட்டுக்கு ஓடினேன்.

வாடகைக் கார் பிடிக்கலாம், அவன் பறந்து போவான் என்றுதான் நான் சொன்னேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டே, வாசலில் நம் வண்டி நிற்கும்போது வாடகைக் கார் எதற்கு, அது வந்து சேருகிற நேரத்துக்கு நாம் பாதி தூரம் போய்விடலாம் என்றார். யோசிக்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

பெட்ரோல் விளக்கு முந்தின நாளே எரிய ஆரம்பித்திருந்தது. தெருமுனையிலேயே ஒரு பங்க் இருக்கிறது. நான் விளக்கைக் காட்டினேன். இவர் அந்தப் பங்க்கின் வரிசையைக் காட்டினார். டேங்க்கை அடிவரை வற்றவிட்டு ஒரேயடியாக நிரப்பினால்தான் மைலேஜ் துல்லியமாகத் தெரியும் என்று இரண்டு நாளாகக் காத்திருந்தாராம். சந்திப்பு பங்க் வரைக்கும் தாராளமாக வரும், கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன் என்றார். இவர் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை. வரிசையில் நிற்காமல் போனால் போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

நெடுஞ்சாலைக்கு வந்தோம். முள் அறுபதைத் தொடும், இவர் கால் தானாகவே மேலே எழும், முள் ஐம்பதுக்கு இறங்கும். மறுபடி ஏறும். என் உயிரும் அதனோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்களை எல்லோரும் தாண்டிப் போனார்கள். சாமான் ஏற்றிய ஒரு பழைய வேன் தாண்டிப் போனது. அதன் பின்னால் கட்டியிருந்த சைக்கிளின் சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டே போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் வந்தது. முதலில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். பிறகு அக்காவின் குரல்.

"எங்க இருக்க?"

வந்துகொண்டே இருக்கிறோம் என்றேன்.

"குழாய் போடணும்ங்கறாங்க. போட்டா பேச முடியாதாம். தூங்க வச்சிடுவாங்களாம்." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். "நீ வா. உன் மூஞ்சியப் பாத்துட்டு அப்புறம் போட்டுக்கறேன்."

டாக்டர் போனை வாங்கினாள். சின்னப் பெண் குரல், ஆனால் தயவு தாட்சண்யம் இல்லாமல் பேசினாள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகிறது, இப்போதே குழாய் போட்டுவிட்டால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, தாமதம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும், நினைவோடு இருக்கிறவர் வேண்டாம் என்கிறபோது நாங்கள் கட்டிப்போட்டுச் செய்ய முடியாது, நீங்கள் சொல்லுங்கள் என்றாள். நான் அக்காவிடம் கெஞ்சினேன். அதட்டினேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிடித்தால் பிடித்த பிடிதான் அவள். நீ வா என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

ஆக, அவள் எனக்காக மூச்சைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அறுபதில் போய்க்கொண்டிருக்கிறேன்.

"மிதிங்க" என்றேன்.

"இப்ப மிதிச்சா ரிங் எல்லாம்..."

"ரிங் உட்காரணும்னு எங்க அக்கா படுத்தே கெடக்கணுமா?"

அதற்குப் பிறகு நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். கல்யாணமான நாள் முதல் உள்ளே அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. இவருடைய சம்பளம், இவருடைய அம்மா, ஸ்டிக்கர் ஒட்டின அந்த ஏசி பொத்தான், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் பேச வார்த்தை கிடைக்காமல் டேஷ்போர்டை ஓங்கிக் குத்தினேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் இவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்திருப்பார். அன்று அதைப் பார்க்கவேயில்லை. என் முகத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு மிதித்தார்.

அந்த எஞ்சின் அப்படி ஒரு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது போல. சத்தம் கேட்டதும் தோளைக் குறுக்கிக்கொண்டார், ஆனால் காலை எடுக்கவில்லை. முள் எண்பதைத் தாண்டியது, நூறைத் தாண்டியது. எங்களை முந்திப்போன அந்த வேனை நாங்கள் முந்தினோம். சைக்கிள் சக்கரம் பின்னால் போய்ச் சின்னதாகி மறைந்தது. இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓட்டினார். கண் ஓரத்தில் தண்ணீர் நின்றது. வண்டிக்காகவா, அக்காவுக்காகவா என்று நான் கேட்கவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு இந்த மனிதர் மேல் எனக்கு ஆசை வந்தது. சொன்னால் வெட்கம், ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தது.

ஒரு ஏற்றத்தில் வண்டி குலுங்கியது. இருமியது. மறுபடி ஒரு இழுப்பு இழுத்தது, பிறகு சத்தம் நின்றுபோனது. ஓடிய வேகத்திலேயே உருண்டு, ஏற்றத்தின் உச்சிக்குச் சற்று முன்னால், ஓரமாக ஒரு புளிய மரத்தடியில் போய் நின்றது. இவர் சாவியைத் திருகினார். திருகினார். திருகிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

கையைச் சாவியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்தக் கணக்கு அறுபதுக்குப் போட்டது" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மெதுவாக வந்திருந்தால் பெட்ரோல் சந்திப்பு வரைக்கும் வந்திருக்கும். விரட்டினால் வண்டி கூடக் குடிக்கும். விரட்டச் சொன்னது நான். எனக்காக ஒரே ஒரு தரம் இவர் தன் கணக்கை மீறினார், அதுவும் இப்படி வந்து நின்றது. நான் அழவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம். இவர் மேல், வண்டி மேல், தெருமுனை பங்க்கில் வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல், எல்லார் மேலும்.

இறங்கி உச்சிவரை நடந்து பார்த்தால், அந்தப் பக்க இறக்கத்தில் தூரத்தில் சந்திப்பு பங்க்கின் பலகை தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. இவர் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காலி செய்தார். ஒரு சொட்டு தண்ணீரைக்கூட வீணாக்காத மனிதர் அவ்வளவையும் ரோட்டில் ஊற்றினார். ஓட ஆரம்பித்தார். கனத்த உடம்பு, காலில் செருப்பு. கொஞ்ச தூரத்தில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்.

நான் வருகிற வண்டிகளை எல்லாம் கை காட்டி மறித்தேன். ஒன்றும் நிற்கவில்லை. லாரிகள் ஹார்ன் அடித்து என்னை விலக்கிவிட்டுப் போயின. நின்று நின்று கால் கடுத்தது. மறுபடி போன் அடித்தது. டாக்டர்தான். உதடு நீலமாகிக்கொண்டு வருகிறது, இனி காத்திருக்க முடியாது, எவ்வளவு நேரத்தில் வருவீர்கள் என்று கேட்டாள். ரோட்டைப் பார்த்தேன். இவர் எங்கேயோ சின்னதாக ஓடிக்கொண்டிருந்தார்.

"அக்காகிட்ட குடுங்க" என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டார்கள். மெஷின்களின் சத்தம் கேட்டது, அதற்கு நடுவே அவள் மூச்சு.

"அக்கா, வந்துட்டேன். கேட்டுகிட்ட வந்துட்டேன். இவர் வண்டிய நிறுத்தப் போயிருக்காரு, நான் லிஃப்டுக்கு நிக்கறேன். நீ போட்டுக்க. நீ கண்ண மூடறதுக்குள்ள பக்கத்துல இருப்பேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி என்னை உரசுகிற மாதிரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. நான் போனைக் கையால் பொத்தினேன்.

"வந்துட்டியா" என்றாள்.

"வந்துட்டேன்க்கா."

"சரி. ஓடி வராத. மெதுவா வா."

போன் நின்றுவிட்டது. நான் அந்த மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் நம்பிவிட்டாள் என்றுதான் அழுதேன். கண் மூடுகிறவரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வர மாட்டேன். பெற்ற தாயைப்போல் இருந்தவளைக் கடைசி நேரத்தில் ஏமாற்றிவிட்டேன்.

கடைசியில் ஒரு பால் வேன் நின்றது. ஏறினேன். சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால் இவரைத் தாண்டிப் போனோம். வெறுங்காலோடு, காலி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, இப்போது ஓட முடியாமல் நடந்துகொண்டிருந்தார். வேன் டிரைவர், தெரிந்தவரா, நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம், போங்கள் என்றேன். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையை மட்டும் ஆட்டினார், போ போ என்று.

நான் போய்ச் சேர்ந்தபோது குழாய் போட்டு முடிந்திருந்தது. அக்கா வாயில் குழாயோடு படுத்திருந்தாள். பக்கத்தில் இருந்த மெஷின் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது, ஆனால் பிடிக்கு ஒரு அசைவு இல்லை. நான்தான், வந்துவிட்டேன் என்று காதருகே சொன்னேன். இந்தத் தரம் அது உண்மை, கேட்கத்தான் ஆள் இல்லை.

அக்கா பேசும்போது போனைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் அங்கேதான் நின்றாள். நடு வயது, களைத்த முகம். நான் அவளிடம், அக்கா கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாளா, என்னைத் தேடினாளா என்று கேட்டேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"தேடல. நீங்க வரலன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றாள். "போன வச்சதும் சிரிச்சாங்க. மூச்சே இல்ல, அப்பவும் சிரிப்பு. பொய் சொல்றா, ஆஸ்பத்திரி லிஃப்டுகிட்ட லாரி ஹார்ன் எப்படிக் கேக்கும்னாங்க. கேட்டுகிட்ட வந்துட்டேன்னு யார்கிட்ட சொல்றான்னு கேட்டாங்க."

மேலே சொல்லுங்கள் என்றேன்.

"உங்க வீட்டுக்காரர் வண்டி புதுசு, அறுபதுக்கு மேல போகாது, இந்நேரம் சந்திப்பு பங்க்குக்குத்தான் வந்திருப்பாங்கன்னு கணக்குப் போட்டுச் சொன்னாங்க. அப்ப தங்கச்சி வர்ற வரைக்கும் மாட்டேன்னு சொல்வீங்களான்னு டாக்டர் பயந்து போய்க் கேட்டாங்க. இல்ல, போடுங்கன்னுட்டாங்க. நான் குழாய் போட்டுக்காம உக்காந்திருந்தா அவ அவரைப் போட்டு விரட்டுவா, ரெண்டு பேரும் அவசரத்துல எங்கயாவது போய் மோதிக்குவாங்க, போட்டுட்டா மெதுவா வருவாங்க, அப்படின்னாங்க. அதோட ஊசி போடக் கைய நீட்டிட்டாங்க."

இவர் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பாதம் முழுக்கக் கொப்புளம், சட்டையெல்லாம் பெட்ரோல் வாடை. அறை வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. நர்ஸ் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எனக்கு வலித்தது இவருக்கும் வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். இவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா கண் திறக்கவில்லை. அவளை வழியனுப்பிவிட்டுத்தான் அந்த ஊரை விட்டுக் கிளம்பினோம். முன்னாலேயே குழாய் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். அந்தப் பதில் இன்னமும் என்னை விடவில்லை. அவள் காத்திருந்தது எனக்காக. நான் தாமதித்தது இவரால். இவர் மெதுவாக வந்தது தப்பா, வேகமாக வந்தது தப்பா என்று இன்றுவரை எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

திரும்பும்போது இவர் ஊருக்குள் கண்ணில் பட்ட முதல் பங்க்கிலேயே நிறுத்தி டேங்க்கை நிரப்பினார். அளவைப் பார்க்கவில்லை. ஏசி பொத்தானில் இருந்த ஸ்டிக்கரைக் கிழித்து எறிந்தார். ரோட்டுக்கு வந்ததும் முள் அறுபதில் போய் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இனி வண்டிக்காக மெதுவாகப் போக வேண்டியதில்லை, எஞ்சின்தான் ஏற்கெனவே அடிபட்டுவிட்டதே. நான் மிதிங்கள் என்று சொல்லவில்லை.

சந்திப்பு பங்க் வந்தது. இவர் அதைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். நான்தான் பார்த்தேன். அக்காவின் கணக்குப்படி, அவள் கையை நீட்டிய நேரத்தில் நாங்கள் இருந்திருக்க வேண்டிய இடம் அது. அறுபதிலேயே வந்திருந்தால் சரியாக அங்கேதான் இருந்திருப்போம். "அக்கா போன்ல கடைசியா என்ன சொன்னாங்க?" என்று இவர் கேட்டார். அதை மட்டும் நான் இவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"ஓடி வராத, மெதுவா வான்னு சொன்னா" என்றேன்.